தக்கபடி: 'ஈக்விடபிளி' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

வங்கியில் வீட்டுக் கடன் வாங்கிய அன்பர்கள் ஒரு சொற்றொடரைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். 'ஈக்விடபிள் மார்ட்கேஜ்' என்பது அது. வீட்டின் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அடமானம் என்பது புரிகிறது. அதற்கு முன்னால் நிற்கிற 'ஈக்விடபிள்' எதற்கு? அடமானத்தில் என்ன சமம் இருக்கிறது? இந்தக் கேள்வி என்னைப் பல வருஷங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் கல்லூரிப் பக்கம் போனவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கல்கத்தா வந்து, காகித வியாபாரத்தில் காலம் கழித்தவன். காகிதம் விற்கிறவனுக்குப் படிக்கவும் காகிதம் கிடைக்கும் என்பதுதான் என் கல்வித் தகுதி. பழைய சட்டப் புத்தகங்கள், அகராதிகள், நம் தமிழ் நூல்கள் என்று கையில் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதை இம்மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஒரே ஒரு ஆங்கில வினையடையின் கதைதான். ஆனால் நம் வீட்டுப் பாகப்பிரிவினை முதல் காவிரி வரை அது வந்து நிற்கிறது.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

லத்தீன் மொழியில் 'ஈக்குவஸ்' என்று ஒரு சொல். மேடு பள்ளம் இல்லாதது, மட்டமானது என்று பொருள். இந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். சமம் என்னும் 'ஈக்வல்', பூமத்திய ரேகையாகிய 'ஈக்வேட்டர்', பகலும் இரவும் ஒத்து வருகிற நாளாகிய 'ஈக்வினாக்ஸ்', போதுமானது என்னும் 'அடிக்வேட்' எல்லாம் உடன்பிறப்புகள். அநீதி என்று பொருள்படும் 'இனிக்விட்டி'கூட 'மட்டமில்லாதது' என்றுதான் பிறந்தது.

இக்குடும்பத்தில் 'ஈக்வலி', 'ஈக்விடபிளி' என்று இரண்டு வினையடைகள். முன்னது சமமாக, நான்கு பேருக்கு எட்டு இட்டிலி என்றால் ஆளுக்கு இரண்டு. பின்னது அவரவர் நிலையைப் பார்த்து, யாருக்கும் மனக்குறை நியாயமாகத் தோன்றாதபடி. குழந்தைக்கு ஒன்று, வெயிலில் உழைத்துவிட்டு வந்தவனுக்கு மூன்று, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு. எண்ணிக்கை எட்டுதான். கணக்கு வேறு.

இதோடு ஒட்டிப் பேசப்படுகிற இன்னொரு சொல் 'ஃபேர்லி'. இதுவும் நியாயமாக என்றுதான் பொருள் தரும். ஆனால் இதற்கு ஒரு குறும்பு உண்டு. 'ஃபேர்' என்பது பழைய ஆங்கிலத்தில் அழகு என்னும் பொருளில் இருந்த சொல். அழகு, மாசின்மை, நேர்மை என்று படிப்படியாக வளர்ந்து நியாயத்துக்கு வந்தது. பிறகு 'ஃபேர்லி' என்பதற்கு 'ஓரளவு' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பிள்ளையின் ரிப்போர்ட்டில் 'ஃபேர்லி குட்' என்று வாத்தியார் எழுதினால் நாம் இனிப்பு வாங்குவதில்லை அல்லவா? சந்தை, பொருட்காட்சி என்னும் பொருளில் வருகிற 'ஃபேர்' இதற்கு உறவே இல்லை. அது திருவிழா நாளைக் குறிக்கும் வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சந்தைக்கும் நியாயத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான். ஒரு வியாபாரி என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு!

வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. 'ஈக்விடபிளி' என்பது பிரித்தல், பகிர்தல், ஒதுக்குதல், நடத்துதல் ஆகிய வினைகளோடு சேரும். நிறுத்தல், அளத்தல் ஆகியவற்றோடு சேராது. தராசு சரியாக நிறுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நிறுத்ததை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கிற மனிதனுக்குத்தான் இந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

வளையும் அளவுகோல்

கருத்தின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அரிஸ்டாட்டில் தம் அறநூலின் ஐந்தாம் பகுதியில் இதைப் பேசுகிறார். சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்படுகிறது. வாழ்க்கையோ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே சட்டம் செய்தவன் நினைத்துப் பார்க்காத நிலைமை ஒன்று வரும்போது, அவனே இங்கு இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம்.

அதற்கு அவர் சொன்ன உவமை அருமையானது. லெஸ்பாஸ் தீவின் கொத்தர்கள் ஈயத்தால் ஆன அளவுகோலை வைத்திருந்தார்களாம். கல் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படி அதுவும் வளையும். வளைந்தாலும் அது அளவுகோல்தான். கல்லுக்கேற்ப வளைவதும் ஆளுக்கேற்ப வளைவதும் ஒன்றல்ல. அது புரிந்தால் இந்தச் சொல்லில் பாதி புரிந்தது.

ரோமானியர்கள் 'ஈக்விடாஸ்' என்று இந்தப் பண்பைப் பெண்ணுருவாக்கி நாணயங்களில் பொறித்தார்கள். ஒரு கையில் தராசு. மற்றொரு கையில் கனியும் தானியமும் நிரம்பி வழிகிற கொம்பு. சரியாக நிறுத்தால் வளம் பெருகும் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். கடையில் மாட்டிவைக்கத் தகுந்த படம்.

லண்டன் சான்சரி

இங்கிலாந்தில்தான் இந்தக் கருத்து ஒரு தனி நீதிமன்றமாகவே உருவெடுத்தது. அங்கே மன்னரின் பொதுச் சட்ட நீதிமன்றங்கள் நடைமுறையில் மிகவும் இறுகிப் போயின. குறிப்பிட்ட படிவத்தில் அடங்காத குறைக்கு அங்கே வழக்கே இல்லை. அடங்கினாலும் பெரும்பாலும் பணமாகத்தான் ஈடு கிடைக்கும். நிவாரணம் கிடைக்காதவர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். மன்னர் அம்மனுக்களைத் தம் சான்சலரிடம் தள்ளிவிட்டார். அக்காலத்துச் சான்சலர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள். அவர்கள் மனச்சாட்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். 15ஆம் நூற்றாண்டுக்குள் சான்சரி நீதிமன்றம் நிலைபெற்றுவிட்டது. அங்கே வழங்கிய நீதிக்கு 'ஈக்விட்டி' என்று பெயர்.

அடமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொதுச் சட்டப்படி, கடனைத் திருப்ப வேண்டிய நாள் தவறிவிட்டால், ஒரு நாள் பிந்தினாலும் நிலம் கடன் கொடுத்தவனுக்கே போய்விடும். நூறு ரூபாய்க் கடனுக்கு ஆயிரம் ரூபாய் நிலம் போகும். சான்சரி இதில் தலையிட்டது. அடமானம் என்பது கடனுக்குப் பிணைதானே தவிர விற்பனை அல்ல. அசலும் வட்டியும் செலவும் கொடுத்தால் நிலத்தைத் திருப்பிக் கொடு என்றது. இந்த மீட்கும் உரிமைக்கு 'ஈக்விட்டி ஆஃப் ரிடெம்ப்ஷன்' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் இது உறுதிப்பட்டது. கடன் போக மிஞ்சி உரிமையாளனுக்கு நிற்பது 'ஈக்விட்டி' என்று வணிகர்கள் சொல்லத் தொடங்கினார்கள். இன்று பங்குச் சந்தையில் நம் பிள்ளைகள் வாங்கி விற்கிற 'ஈக்விட்டி' இந்த வழியில் வந்ததுதான். கடன்காரனுக்கு இரங்கிப் பிறந்த சொல் முதலாளிகளின் சொல்லாகிவிட்டது.

முதலில் கேட்ட கேள்விக்கும் விடை இங்கே இருக்கிறது. முறைப்படி அடமானப் பத்திரம் எழுதாமல், மூலப்பத்திரத்தை மட்டும் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைத்தால் அது அடமானமா? எழுத்துச் சட்டப்படி இல்லை. ஆனால் பிணையாக இருக்கட்டும் என்றுதானே கொடுத்தான்? மனச்சாட்சிப்படி அது அடமானமே என்று 1783இல் ஓர் ஆங்கிலத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதனால் அது ஈக்விட்டி வழி வந்த அடமானம், 'ஈக்விடபிள் மார்ட்கேஜ்'. நம் நாட்டில் 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலான வணிக நகரங்களுக்கு இதை அனுமதித்தது. அவசரத்துக்குப் பணம் புரட்ட வேண்டிய வியாபாரிகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. நம் சட்டத்தில் அது முறையான அடமானமே ஆகிவிட்டது. இருந்தாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சான்சரியும் புனிதமாகவே இருந்துவிடவில்லை. 1615இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு வழக்கில் பொதுச் சட்ட நீதிபதி கோக்குக்கும் சான்சலர் எல்ஸ்மியருக்கும் பெரிய மோதல். 1616இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் சான்சரி பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் ஜான் செல்டன் என்ற சட்ட அறிஞர் கிண்டலாக ஒன்று கேட்டார். சான்சலரின் மனச்சாட்சிதான் அளவு என்றால், சான்சலரின் பாதத்தை ஓர் அடி என்று வைத்து அளக்கலாமா? ஒருவர் பாதம் நீளம், இன்னொருவர் பாதம் குட்டை! கேள்வி கூர்மையானது. அதற்குப் பின் வந்தவர்கள் ஈக்விட்டியையும் முன்தீர்ப்புகள், விதிகள் என்று கட்டிப்போட்டார்கள். கட்டக் கட்ட அதுவும் இறுகியது. 19ஆம் நூற்றாண்டில் சான்சரி வழக்கென்றால் தலைமுறை கடந்தாலும் முடியாது என்று பெயரெடுத்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 'பிளீக் ஹவுஸ்' நாவலில் காட்டுவது அந்த அவலத்தைத்தான். கடைசியில் 1873, 1875 சட்டங்களால் இரண்டு வகை நீதிமன்றங்களும் ஒன்றாக்கப்பட்டன. இரண்டும் முரண்பட்டால் ஈக்விட்டியே வெல்லும் என்று விதித்தார்கள்.

கல்கத்தாவுக்கு வந்த கதை

1774இல் கல்கத்தாவில் சுப்ரீம் கோர்ட் ஏற்பட்டது. முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பே. அடுத்த வருஷமே மகாராஜா நந்தகுமார் போலிப் பத்திர வழக்கில் தூக்கிலிடப்பட்டார். ஆங்கிலச் சட்டத்தில் அக்குற்றத்துக்கு அப்போது மரண தண்டனை இருந்தது. இந்நாட்டு வழக்கத்தில் கிடையாது. வங்காள நண்பர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. எழுத்துப்படி பார்த்தால் சட்டம்; இடத்துக்கும் மக்களுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தால் கொடுமை. 'ஈக்விடபிளி' என்ற சொல் இல்லாத இடத்தில் சட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே இம்பே 1781இல் வெளியூர் சிவில் நீதிமன்றங்களுக்கு விதிமுறை வகுத்தபோது, வேறு விதி இல்லாத இடத்தில் நீதி, ஈக்விட்டி, நல்ல மனச்சாட்சி ஆகியவற்றின்படி தீர்ப்புச் சொல்லலாம் என்று எழுதினார். இந்த மூன்று சொற்களும் சேர்ந்தே இந்தியா முழுவதும் பரவின. 1887இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு விளக்கம் சொன்னது: இந்தியச் சூழலுக்குப் பொருந்துமானால் ஆங்கிலச் சட்ட விதிகள் என்று கொள்ளலாம். மனச்சாட்சிக்கும் ஆங்கில முத்திரை விழுந்தது. ஆனாலும் நன்மையும் நடந்தது. 1877இன் குறித்தவகைத் தீர்வுச் சட்டமும் 1882இன் பொறுப்பாண்மைச் சட்டமும் ஈக்விட்டியின் விதிகளைத்தான் நமக்கு எழுதிக்கொடுத்தன. முன்னதன் இடத்தில் 1963இல் புதிய சட்டம் வந்தது. கிரயம் பேசி முன்பணம் கொடுத்த வீட்டைக் கட்டாயமாக எழுதிக்கொடுக்கச் சொல்லி நாம் வழக்குப் போட முடிகிறதே, அது சான்சரி தந்த வரம்.

ஈக்விட்டிக்குச் சில பழமொழிகள் உண்டு. நியாயம் கேட்டு வருகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும். தூங்கிவிட்டவனுக்கு அது உதவாது. இன்னொன்று மிகவும் முக்கியம்: வேறுபாடு காட்டக் காரணம் இல்லாத இடத்தில் சமமாகப் பிரிப்பதே ஈக்விட்டி. அதாவது சமம்தான் தொடக்கம். அதிலிருந்து விலக வேண்டும் என்று கேட்கிறவன்தான் காரணம் காட்ட வேண்டும்.

உயிலில் ஒரு சொல்

இந்தப் பழமொழியின் அருமை எனக்கு ஒரு குடும்ப வழக்கில் தெரிந்தது. நம் தமிழ்க் குடும்பம் ஒன்று. பெரியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, தெற்குக் கல்கத்தாவில் ஃபிளாட், ஊரில் கொஞ்சம் நஞ்சை, வங்கியில் சேமிப்பு வைத்துவிட்டுக் காலமானார். நல்ல ஆங்கிலம் தெரிந்தவர். உயிலைத் தாமே எழுதியிருந்தார். சொத்து முழுவதையும் மூன்று பிள்ளைகளும் 'ஈக்விடபிளி' பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது வாசகம். அவ்வளவுதான்.

மூத்தவர் சொன்னார், "சமமா பிரிங்கன்னுதான் அப்பா எழுதியிருக்கார். ஈக்வலின்னா என்ன, ஈக்விடபிளின்னா என்ன?" மகள் சொன்னார், "ஒன்பது வருஷம் அப்பா அம்மாவைப் பார்த்துக்கிட்டது நான். அது தெரிஞ்சுதான் அப்பா அந்த வார்த்தையைப் போட்டிருக்கார்." இளையவர், "எனக்கு நிலையான வேலை இல்லை, எனக்குக் கூடுதலா வரணும்னுதான் அதுக்கு அர்த்தம்" என்றார். ஒரே சொல்லுக்கு மூன்று அகராதி!

பேசித் தீர்க்க இரண்டு பெரியவர்களோடு என்னையும் கூப்பிட்டார்கள். "நயினார் சார், நீங்கதான் புத்தகமெல்லாம் படிக்கிறீங்க, சொல்லுங்க" என்றார் மூத்தவர். ஒரு வக்கீலிடம் கேட்டோம். உயிலில் உள்ளம் தெளிவாகத் தெரியாவிட்டால் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அது செல்லாமலே போகலாம் என்றார். அப்போது உயில் இல்லாதது போலவே ஆகும். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தையின் சொந்தச் சொத்து மனைவி இல்லாத நிலையில் மகன், மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். அச்சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். அந்த வீட்டில் தாயார் முன்பே காலமாகிவிட்டார்.

நாங்கள் பழைய பழமொழியைக் கையில் எடுத்துக்கொண்டோம். மூன்று சம பங்கு என்று முதலில் ஒரு தாளில் எழுதினோம். கூடுதல் கேட்கிறவர் காரணத்தையும் கணக்கையும் எழுதட்டும் என்றோம். மூத்தவர் ஃபிளாட் வாங்கக் கொடுத்த பணத்துக்கு ரசீது வைத்திருந்தார். மகள், பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக விட்ட வேலையின் சம்பளத்தைச் சொன்னார். இளையவரின் படிப்புக்கு அப்பா செலவழித்தது வங்கிப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அவருடைய இன்றைய நிலையும் எல்லோரும் அறிந்ததுதான். மூன்று மாதம் ஆயிற்று. ஃபிளாட் மகளுக்கு, நஞ்சை இளையவருக்கு, சேமிப்பில் பெரும்பங்கு மூத்தவருக்கு என்று முடிந்தது. மூத்தவர் கையெழுத்துப் போட்டார். அன்று அந்த வீட்டில் சாப்பிடாமல் போனார். அடுத்த தீபாவளிக்கு வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இதிலிருந்து நான் அன்பர்களுக்குச் சொல்லுவது ஒன்றுதான். உயிலில் இந்தச் சொல்லை எழுதாதீர்கள். உங்கள் மனத்தில் உள்ள நியாயத்தை எண்ணாக, பங்காக, வீட்டு எண்ணோடு எழுதுங்கள். காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் உயிரோடு இருந்து பிரிக்கும்போது 'ஈக்விடபிளி' நல்ல சொல். நீங்கள் போன பிறகு அது செல்டன் சொன்ன பாதம்தான், ஆளுக்கொரு நீளம்.

ஆறும் மூலிகையும்

குடும்பத்துக்குச் சொன்னது மாநிலங்களுக்கும் பொருந்தும். ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவன் முழு நீரும் எனதே என்கிறான். கீழ்ப்பகுதியில் இருப்பவன் இதுநாள் வரை வந்தது இனியும் வரவேண்டும் என்கிறான். அமெரிக்காவில் கான்சாஸ், கொலராடோ மாநிலங்களின் வழக்கில் 1907இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இரண்டையும் ஏற்காமல், 'ஈக்விடபிள்' பங்கீடு என்ற வழியைக் காட்டியது. அதே கொள்கை நம் காவிரிக்கும் வந்தது. 2007இல் நடுவர் மன்றம் மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூட்டியது. அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு; 10 டி.எம்.சி. தமிழகத்தில் நிலத்தடி நீர் இருப்பதைக் கணக்கில் கொண்டு. தமிழகப் பங்கு 404.25 ஆயிற்று.

தஞ்சைப் பக்கத்து அன்பர்களுக்கு இதில் மனக்குறை இருக்கலாம். பெங்களூரில் வாழ்கிற தமிழ்க் குடும்பமும் அந்த 4.75இல்தான் தண்ணீர் குடிக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும். எண் நமக்குப் பிடித்ததா என்பது வேறு. ஒவ்வொரு கூட்டலுக்கும் கழித்தலுக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் இந்தச் சொல் கேட்கிற கேள்வி.

மற்றொரு செய்தி அகத்தியமலையிலிருந்து. அம்மலையின் இருபுறமும், கேரளத்திலும் தமிழகத்திலும், காணி மக்கள் வாழ்கிறார்கள். 1987இல் அங்கே ஆய்வுக்குப் போன அறிவியலார் களைத்துப்போனார்கள். வழிகாட்டிய காணிகளோ ஒரு சிறு பழத்தைத் தின்று களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்பது அச்செடி. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. அதன் உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்து, 1997இல் அவர்களுக்காக அறக்கட்டளையும் பதிவாயிற்று. 1992இன் உலகப் பல்லுயிர் உடன்படிக்கை நன்மைகளை 'ஃபேர்', 'ஈக்விடபிள்' என்ற இரண்டு முறையிலும் பகிரச் சொல்கிறது. 2002இன் நம் இந்தியச் சட்டமும் அப்படியே. ஏன் இரண்டு சொல்? காணிகளில் ஒரு பிரிவினர் தங்களைக் கலந்து கேட்கவில்லை என்று குறைபட்டார்கள். பாதிப் பங்கு என்பது தக்க பங்காகவே இருக்கலாம். கேட்ட முறை நேர்மையா என்பது தனிக் கேள்வி. ஒரு சொல் முறையைப் பார்க்கிறது, மற்றது பங்கைப் பார்க்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

நம் மொழியில் இதற்கு என்ன சொல்?

தமிழில் சமமாக என்றால் 'ஈக்வலி' ஆகிவிடும். நியாயமாக என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும். வங்காளிகளின் 'நேஜ்ஜோ' என்ற சொல்லும் அப்படித்தான். விலைக்கும் சொல்வார்கள், கோரிக்கைக்கும் சொல்வார்கள்.

திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. அதில் எட்டாம் குறள் துலாக்கோலை உவமை சொல்கிறது. பத்தாம் குறள் நேரே எங்கள் வணிகர்களிடம் வந்து, பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்கிறது. ஆனால் முதற்குறளைப் பாருங்கள். அங்கே திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு வைத்த பெயர் 'தகுதி'. பகைவர், அயலார், நண்பர் என்ற ஒவ்வொரு பகுதியிலும் முறை தவறாமல் நடப்பது அது என்று உரை சொல்கிறார்கள். இன்று தகுதி என்றால் தேர்வு எழுதும் தகுதி, வேலைக்குத் தகுதி என்று குறுகிவிட்டது. அன்று அது நியாயத்தின் பெயர். பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை நுகத்தடியின் நடு ஆணிக்கு ஒப்பிட்டு, அதிகம் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தவர்கள் என்று புகழ்கிறது.

எங்கள் சமண நெறியில் இல்லறத்தார்க்குரிய கள்ளாமை விரதத்தைக் கெடுக்கும் குற்றங்களுள் ஒன்று 'ஹீனாதிக மானோன்மானம்'. கொடுக்கும்போது குறைந்த அளவு, வாங்கும்போது மிகுந்த அளவு வைத்துக்கொள்வது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் இது உண்டு. சிறுவயதில் இதை எனக்குச் சொல்லித்தந்தவர்கள் இரண்டு வகைத் தராசையும் காட்டினார்கள். இரண்டு தட்டுத் தராசில் இரு கையும் ஒரே நீளம். வெள்ளிக்கோல் என்னும் கிராமத்துத் தராசில் தட்டு ஒன்றுதான். கோலில் வெட்டுக் குறிகள் இருக்கும். கயிற்றை நகர்த்தி நகர்த்திச் சமநிலை பார்ப்பார்கள். அதில் இரு புறமும் நீளம் சமமாக இருக்காது. ஆனாலும் கோல் மட்டமாக நிற்கும். முதல் தராசை 'ஈக்வலி' என்றும் இரண்டாவதை 'ஈக்விடபிளி' என்றும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வெள்ளிக்கோலில் ஏமாற்றுவது சுலபம் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறேன். குறிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். கயிற்றை நகர்த்துகிற கையையும் எல்லோரும் பார்க்க வேண்டும்.

ஆகவே இச்சொல்லுக்கு என் மொழிபெயர்ப்பு, அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால், 'தக்கபடி' என்பது. வள்ளுவரின் தகுதியிலிருந்து வந்த சொல். நம் வீட்டுப் பாட்டிகளும் "அவங்கவங்களுக்குத் தக்கபடி கொடு" என்று சொல்லுகிற சொல். வெளிமாநிலத்தில் வளர்கிற நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'ஈக்விடபிளி' என்று படிக்கும்போது, நம் பாட்டி சொன்ன தக்கபடிதான் இது என்று அடையாளம் கண்டால் போதும். பங்கு பிரிக்கிற நாள் எல்லார் வீட்டிலும் வரும். அன்று முதலில் சமமாக எழுதுங்கள். கூட்டினாலும் குறைத்தாலும் காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் காரணத்தைக் குறைந்த பங்கு பெறுகிறவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், பிரித்தது தக்கபடிதான்.